வெட்டப்படாத டிக்கி

மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஐம்பத்திரண்டாவது விதி எளிமையானது. சொந்த உபயோகத்துக்கான வண்டியின் பதிவுச் சான்றைப் பதினைந்து ஆண்டுகள் முடியும்போது புதுப்பிக்க வேண்டுமானால், உரிமையாளர் படிவம் 25-ஐ நிரப்பி, காலாவதியாகும் தேதிக்கு முந்தைய அறுபது நாட்களுக்குள், உரிய கட்டணத்துடன் பதிவு அதிகாரியிடம் தர வேண்டும். அவ்வளவுதான். அதனுடன் முகப்புக் கடிதம் இணைக்க வேண்டும் என்று அந்த விதியில் எங்கும் இல்லை. இணைக்கக் கூடாது என்றும் இல்லை. இந்த இரண்டாவது சலுகையைப் பயன்படுத்திக்கொண்டதுதான் நான் செய்த தவறு.

வண்டி என் பெயரில் இருக்கிறது. ஓட்டுவது என் மனைவி. கண்ணில் அழுத்தம் கூடிவிட்டதால் மருத்துவர் என்னை ஸ்டீயரிங் பக்கம் போகக் கூடாது என்று சொல்லி ஆறு வருடம் ஆகிறது. அதற்கு முன்பும் நான் ஓட்டியதைவிடப் பக்கத்தில் உட்கார்ந்து விதிகளை நினைவூட்டியதுதான் அதிகம் என்பது அவளுடைய கருத்து.

அது ஓர் ஐரோப்பிய நிறுவனத்தின் டீசல் கார். அந்த ஊர்களில் நடுத்தரக் குடும்பத்தினர் பிள்ளைகளைப் பள்ளியில் விடவும் மளிகை வாங்கவும் ஓட்டுகிற வண்டியாம். முடிச்சூரில் அதை வாங்கி நிறுத்தியபோது தெருவில் நாலு பேர் வந்து பார்த்தார்கள். ரொம்பப் பெரியதும் இல்லை, சிறியதும் இல்லை. ஐந்து கதவுகள், ஐந்தாவது கதவு முதுகில் இருக்கிறது. கண்ணாடியோடு சேர்த்து மேலே தூக்கித் திறக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதை ஹேட்ச்பேக் என்பார்கள். பின்னால் பெட்டி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் டிக்கி இதற்குக் கிடையாது. அப்படி டிக்கி வைத்த வண்டிக்குப் பெயர் செடான். இந்த வித்தியாசத்தை வாசகர்கள் மனதில் வைத்துக்கொண்டால் போதும். அரசாங்கம் வைத்துக்கொள்ளவில்லை.

சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் சுருள் கம்பி போல ஒரு மஞ்சள் விளக்கு எரியும். எஞ்சின் உள்ளே சூடாகிறது, பொறு என்று அர்த்தம். அது அணைந்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது. பனி கொட்டும் ஊருக்காக வைத்த விளக்கு. நம் ஊரில் அது கண் சிமிட்டுவதற்குள் அணைந்துவிடும். ஆனாலும் "விளக்கு அணைஞ்சுதா?" என்று நான் ஒவ்வொரு தடவையும் கேட்பேன். "அது எரிஞ்சுதான்னு முதல்ல கேளுங்க" என்பாள்.

நாங்கள் வாங்கிய சில வருடங்களிலேயே அந்த நிறுவனம் இந்த நாட்டில் கார் விற்பதை நிறுத்திக்கொண்டது. ஷோரூம் இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை. அதற்குப் பிறகு வண்டியைப் பார்த்துக்கொள்வது கீழ்க்கட்டளையில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பாய். எந்த நாட்டு டீசல் எஞ்சினாக இருந்தாலும் பானெட்டைத் திறக்காமல், பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்டே பாதி நோயைச் சொல்லிவிடுவார். மீதி நோய்க்குத்தான் பானெட்டைத் திறப்பார்.

என் மனைவிக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. பஸ் படி உயரம். ஷேர் ஆட்டோவில் காலை மடக்க முடியாது. புதிதாக வருகிற பெரிய வண்டிகளில் ஏற வேண்டும். சின்ன வண்டிகளுக்குள் இறங்க வேண்டும். இந்த வண்டியில் மட்டும்தான் உட்கார முடிகிறது. கதவைத் திறந்து, சீட்டில் பக்கவாட்டில் அமர்ந்து, இரண்டு காலையும் ஒன்றாகத் திருப்பி உள்ளே வைத்துக்கொள்வாள். கிளட்ச் மிதித்தால் வலிக்காதா என்று ஒருமுறை கேட்டேன்.

"வலிக்கும். வீட்ல உக்காந்திருந்தா அதைவிட வலிக்கும்."

நாற்பத்தாறு வயதில், பள்ளிக்கூட வேலையில் இருந்தபோதே, இந்த வண்டியில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். 2015-இல் மழை விடாமல் கொட்டியபோது, தெருவில் தண்ணீர் கணுக்காலுக்கு வருவதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு போய் மேம்பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்திவிட்டு, நனைந்துகொண்டு நடந்தே திரும்பி வந்தாள். பாலத்தில் வண்டி நிறுத்துவது விதிமீறல் என்று நான் அப்போதே எடுத்துச் சொன்னேன். மறுநாள் எங்கள் தெருவில் விதியை மீறாத கார்கள் எல்லாம் கூரை மட்டும் தெரிய நின்றன.

ஆகவே, பதினைந்து வருடம் முடிகிறது, பதிவைப் புதுப்பிக்காவிட்டால் மார்ச் நடுவில் இந்த வண்டி தெருவில் ஓடக் கூடாது என்றபோது, பிரச்சினை என்னுடைய வண்டியைப் பற்றியது அல்ல. அவள் வெளியே போவதைப் பற்றியது.

பொங்கல் கழிந்த வாரம், அறுபதாவது நாள் எதுவோ அதே நாளில், படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன். முப்பத்தோரு வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதியவன் ஒரு படிவத்தை நிரப்புவதற்கு முன் அதன் மூலத்தைச் சரிபார்ப்பான். பதிவுச் சான்றை எடுத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். எஞ்சின் எண் சரி. நிறம் சரி. வண்டியின் வடிவம் என்ற இடத்தில் 'செடான்' என்று இருந்தது.

பதினைந்து வருடமாக யாரும் பார்க்கவில்லை. வாங்கிய அன்று நானும் பார்க்கவில்லை. அந்த நிறுவனம் அதே பெயரில் டிக்கி வைத்த வண்டி ஒன்றையும் விற்றது. பதிவு செய்த எழுத்தர் அதை நினைத்துத் தட்டியிருப்பார். வேறு யாராக இருந்தாலும் சான்றை மடித்து வைத்துவிட்டுப் படிவத்தைக் கொடுத்திருப்பார்கள். நான் அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை எல்லாம் போட்டு ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரு முகப்புக் கடிதம் எழுதினேன். வாகனத்தின் வடிவம் தவறாகப் பதிவாகியிருப்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவதாகவும், புதுப்பிக்கும்போதே அதைத் திருத்தித் தரும்படியும் பணிவுடன் கேட்டிருந்தேன். நாலு பக்கத்திலிருந்தும் எடுத்த படங்கள் இணைப்பு.

"ஃபார்ம் மட்டும் குடுங்களேன்" என்றாள் மனைவி.

"நாளைக்கு ஒரு விபத்து நடந்தா இன்சூரன்ஸ்காரன் இதைத்தான் பிடிப்பான்."

"நாளைக்கு நடக்கலைன்னா?"

ஆய்வுக்கு முன்னால் பிரேக்கைப் பார்க்க பாயிடம் போனபோது அவரிடமும் கடிதத்தைக் காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு, ஓரத்தை மட்டும் பிடித்துப் படித்தார்.

"வண்டி ஷோக்கா கீது சார். லைட்டு, ஆரன், ஹேண்ட் பிரேக்கு, புகை, எல்லாம் பாஸ். இன்னாத்துக்கு லெட்டரு? அவங்க கேக்காததை நீங்களா போய் ஏன் சார் சொல்றீங்க?"

"உண்மையைச் சொல்றதுல என்ன பாய்?"

"உண்மைதான் சார். யாரு இல்லன்னா? பேஜாராயிடும்னு சொல்றேன்."

அலுவலகத்தின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. எல்லா அலுவலகங்களும் ஒரே மாதிரிதான் என்பதை நானே ஒன்றில் உட்கார்ந்து உறுதி செய்திருக்கிறேன். கவுண்டரில் இருந்த பெண் எழுத்தர், படிவம், இன்சூரன்ஸ், புகைச் சான்று, சேஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த அச்சு, எல்லாவற்றையும் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், கடிதத்தில் நின்றார்.

"இது என்ன சார்?"

"முகப்புக் கடிதம்."

"யார் கேட்டாங்க?"

"யாரும் கேக்கலை."

ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். என் மேசைக்கு இப்படிப்பட்டவர்கள் வந்தபோது நானும் அப்படித்தான் பார்த்தேன்.

"தபால் ரிஜிஸ்டர்ல ஏத்தினா நம்பர் விழுந்துடும் சார். அப்புறம் ஃபைல் ஆயிடும். பரவாயில்லையா?"

"அதுக்குத்தான் கொடுக்கறேன்."

நம்பர் விழுந்தது. ஒப்புதல் முத்திரை வாங்கிக்கொண்டு திருப்தியாக வந்தேன்.

ஆய்வு நாளன்று வண்டிகள் மைதானத்தில் வரிசையாக நின்றன. மோட்டார் வாகன ஆய்வாளரை மக்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வார்கள். எங்களுக்கு வந்தவர் நல்ல மனிதர், அவசரம் இல்லாதவர். மனைவி உட்கார்ந்தபடியே அவர் சொன்னதை எல்லாம் செய்து காட்டினாள். விளக்கு, இண்டிகேட்டர், வைப்பர். கொஞ்சம் ஓட்டிப்போய்ப் பிரேக் போட்டுக் காட்டினாள். "நல்லா வெச்சிருக்கீங்க மேடம்" என்றார். பேனாவை எடுத்துவிட்டார். கையெழுத்துப் போடும் இடத்தைத் தேடித் தாளைப் புரட்டியபோது என் கடிதம் அகப்பட்டது.

படித்தார். மெல்ல நடந்து வண்டியின் பின்பக்கம் போனார்.

"சார், இங்க வாங்க. டிக்கி எங்க?"

"இல்லை சார்."

"அது தெரியுது. எங்க போச்சு?"

"எங்கேயும் போகலை. எப்பவும் இருந்ததில்லை."

"ஆர்.சி.ல செடான்னு இருக்கே. செடான்னா டிக்கி இருக்கணும்ல?"

"அது தப்புன்னுதான் எழுதியிருக்கேன்."

"நீங்க எழுதியிருக்கீங்க சார், இல்லைங்கலை. கவர்மென்ட் வேற மாதிரி எழுதியிருக்கு. நான் யாரை நம்பறது, சொல்லுங்க?"

நியாயமான கேள்வி. அவருடைய நாற்காலியில் நான் இருந்திருந்தால் இதையேதான் கேட்டிருப்பேன். கூடவே எழுத்துப்பூர்வமாகவும் கேட்டிருப்பேன். பதிவுச் சான்று அரசு ஆவணம். அதில் டிக்கி இருக்கிறது. எதிரே நிற்கும் வண்டியில் இல்லை. இரண்டுக்கும் நடுவில் யாரோ ஒருவர் டிக்கியை வெட்டியிருக்க வேண்டும்.

மனைவி இறங்கி, காலை மெல்ல ஊன்றி வந்து, ஐந்தாவது கதவைத் தூக்கித் திறந்தாள்.

"இது கம்பெனி டோர் சார். வெட்டி ஒட்டின மாதிரியா இருக்கு?"

அவர் விளிம்பில் விரலால் தடவிப் பார்த்தார். ரப்பரை இழுத்துப் பார்த்தார். குனிந்து கீழேயும் பார்த்தார்.

"ரொம்ப நல்லா வெட்டியிருக்காங்க மேடம். எந்த பட்டறை?"

பேனா மூடிக்கொண்டது. விதி 52-இன்படி புதுப்பிக்கப் போன நான், சட்டத்தின் பிரிவு 52-இல் மாட்டிக்கொண்டேன். அது அனுமதியில்லாமல் வண்டியின் அமைப்பை மாற்றுவதைப் பற்றியது. இந்த வண்டி பிறக்கும்போதே டிக்கி இல்லாமல்தான் பிறந்தது என்று தயாரித்த நிறுவனத்திடமிருந்து கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். அதுவரை கோப்பு மேலே போயிருக்கும். மேலே என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வோம் என்று எனக்குத் தெரியும்.

பாயிடம் இதைச் சொன்னபோது அவர் வேலையை நிறுத்திவிட்டு வண்டியின் பின்பக்கத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"நான் வெட்டினேன்னு நெனச்சிட்டாரா? இவ்ளோ நீட்டா?" கதவின் விளிம்பை விரலால் தடவினார். "கோவம் வருது சார். ஆனா ஒரு வகைல சந்தோசமாவும் கீது."

டைல்ஸ் கடையில் போய்க் கடிதம் கேட்க முடியாது. ஐரோப்பாவில் உள்ள தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். என் மகிழ்ச்சி அவர்களுக்கு மிகவும் முக்கியம் என்று ஒரு நொடியில் பதில் வந்தது. அதை அனுப்பியது மனிதர் இல்லை என்பது கடைசி வரியில் தெரிந்தது. அதற்குப் பிறகு மனிதர் யாரும் எழுதவில்லை. பதிவு அலுவலகத்துக்கு நினைவூட்டுக் கடிதம் ஒன்று எழுதினேன். இரண்டு எழுதினேன். இரண்டாவதில் முதல் நினைவூட்டைப் பார்வையில் குறிப்பிட்டேன். இப்படி எழுதியபோது எனக்கு ஒரு பழைய நிம்மதி வந்ததை மறைக்க விரும்பவில்லை. கோப்பு வளர்ந்துகொண்டிருந்தது. அது வளர்வதை நான் வேலை நடப்பதாக எடுத்துக்கொண்டேன். வேலையில் இருந்த காலத்திலும் அப்படித்தான்.

நாள் குறையக் குறைய மனைவி தினமும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ரொம்ப நாளாகப் போகாத தம்பி வீட்டுக்குப் போனாள். கூட வேலை பார்த்த ஓர் ஆசிரியையைப் பார்க்க மேடவாக்கம் போனாள். கோவளம் வரை போய், இறங்காமல், வண்டியில் உட்கார்ந்தபடியே கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையில் ஒரே தடவையில் ஆறு மாதத்துக்கு வேண்டிய செடித் தொட்டிகளை வாங்கி வந்து இறக்கினாள்.

"இத்தனை எதுக்கு?"

"அப்புறம் எப்படிப் போறது? இன்னும் எத்தனை நாள் இருக்கு?"

பதினொரு நாள் இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர், பழைய வண்டிகளை எடைக்கு எடுக்கும் ஒருவருடைய எண்ணை அக்கறையாகக் கொண்டுவந்து கொடுத்தார். பழைய டீசலை இனி யார் வைத்துக்கொள்வார்கள் என்றார். மனைவி அந்தச் சீட்டை வாங்கி, அவர் முன்னாலேயே என் கையில் கொடுத்தாள்.

"நீங்க வெச்சுக்கோங்க. உங்க ஃபைல்ல இணைப்பா சேர்த்துடுங்க."

மறுநாளே அலுவலகத்துக்குப் போனோம். அவள் வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தாள், நிழல் இல்லை. கவுண்டரில் அதே பெண். என்னைப் பார்த்ததும் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"சார், உங்க வயசுக்கு நான் சொல்லக் கூடாது. அந்த லெட்டரை வாபஸ் வாங்கிடுங்க. லெட்டர் இல்லைன்னா கேள்வி இல்லை. கேள்வி இல்லைன்னா இன்ஸ்பெக்டர் சார் இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடுவார்."

"அப்ப வண்டி?"

"வண்டி செடான்."

"ஆனா அது செடான் இல்லையேம்மா."

"சார். மேடம் வெளிய வெய்யில்ல உக்காந்திருக்காங்க."

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார். என் வாகனத்தின் வடிவம் குறித்து முந்தைய கடிதத்தில் தெரிவித்ததைத் திரும்பப் பெறுகிறேன், வாகனம் பதிவுச் சான்றில் கண்டுள்ளவாறே கருதப்படலாம் என்று எழுதிக் கொடுத்தேன். 'கருதப்படலாம்' என்பது நல்ல சொல். அதற்குள் நான் பல வருடம் குடியிருந்திருக்கிறேன்.

அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இப்படி எழுதினா மறுபடி கேப்பாங்க சார். செடான்னே எழுதுங்க."

முப்பத்தோரு வருடத்தில் நான் உண்மையை மறைத்து எழுதியிருக்கிறேன், தள்ளிப்போட்டு எழுதியிருக்கிறேன், யாருக்கும் புரியாதபடி எழுதியிருக்கிறேன். நேரடியாகப் பொய் எழுதியதில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் கதவைத் திறந்து வைத்து, கால்களை வெளியே நீட்டி, கைக்குட்டையால் முட்டியை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேற்படி வாகனம் செடான் வகையைச் சேர்ந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் மைதானத்துக்கு வந்தார். இந்தத் தடவை தாள்களுக்கு நடுவில் என் பழைய கடிதம் இல்லை. இருந்தாலும் நேராக வண்டியின் பின்பக்கம் போனார். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஒன்றும் இல்லாத அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்ல டிக்கி சார்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பல்லாவரத்தில், தேவையே இல்லாமல், என் இடுப்பு உயரத்துக்கு ஓர் எலுமிச்சைச் செடி வாங்கினாள். ஐந்தாவது கதவைத் தூக்கி, பின் சீட்டை மடித்து, அதை நிற்க வைத்தோம். "செடான்ல செடி எப்படி நிக்குது பாருங்க" என்றாள். நான் கதவை இறக்கி மூடினேன். எழுத்துப்பூர்வமாக என் நிலை பதிவாகிவிட்டது.

அதற்குப் பிறகு வெய்யில் காலம் போனது. அவள் தினமும் வண்டி எடுத்தாள். கடிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. நான் மறந்துவிட்டதாக அவள் நினைத்தாள்.

பிறகு ஒருநாள் காலையில் பதிவுத் தபால் வந்தது. என் முதல் கடிதத்துக்கான பதில். மேலே போன கோப்பு கீழே வந்துவிட்டது. நான் கடிதத்தைத் திரும்பப் பெற்றது வேறு கோப்பில் இருந்திருக்க வேண்டும். இந்தக் கோப்புக்கு அது தெரியவில்லை. வண்டியைப் புதுப்பித்ததும் தெரியவில்லை. பார்வையில் கண்டுள்ள என் கடிதம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டதாகவும், நான் மூத்த குடிமகன் என்பதையும் என்னுடைய நேர்மையான ஒப்புதலையும் கருத்தில்கொண்டு, வாகனத்தின் பின்பகுதியிலிருந்த டிக்கியை நீக்கியதற்குச் சிறப்பு நேர்வாகப் பின்னேற்பு, அதாவது செய்து முடித்த பிறகு தரும் அனுமதி, அளிக்கப்படுவதாகவும் எழுதியிருந்தது. கீழே ஒரு நிபந்தனை: நீக்கப்பட்ட டிக்கியை உரிமையாளர் பத்திரமாக வைத்திருந்து, ஆய்வின்போது கேட்டால் காட்ட வேண்டும்.

மனைவி இரண்டு தடவை படித்தாள். பிறகு பாய்க்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, சத்தமாகப் படித்துக் காட்டினாள்.

"இன்னா அக்கா, அவ்ளோதானே?" என்றார் அவர். "புதுப்பேட்டைல பழைய பார்ட்ஸ் கடைல ஒண்ணு வாங்கி மாடில போட்டு வெச்சிடலாம். கேட்டா காட்டுங்க."

அவள் சிரித்து முடித்ததும் என் பக்கம் திரும்பினாள். "இதுக்கு நீங்க பதில் எழுதக் கூடாது."

"எழுதலை."

"சத்தியமா?"

"சத்தியமா."

சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வெளியே எஞ்சின் கடகடவென்று எழுந்து தெருமுனையைத் தாண்டும்வரை கேட்டேன். பிறகு சொன்ன சொல்லைக் காப்பாற்றி, பதில் எதுவும் எழுதாமல், உறையின் மேல் ஓரத்தில் பெறப்பட்ட நாளை மட்டும் குறித்து வைத்தேன்: ஆகஸ்ட் 20, புதன்கிழமை.